லக் வைத்த ஸ்டீல் ஃபிரேம்: யாரிடம் கொடுத்துக் கட்டுவது?

என் முதல் லக் சைக்கிள் ஃபிரேம் ஒரு வருடம் ஏழு மாதம் காத்திருந்து வந்தது. அடர்நீலம், லக் ஓரமெல்லாம் தங்கநிறக் கோடு. சிங்கப்பூர் யீஷூன் வீட்டு வாசலில் பெட்டியைப் பிரித்தபோது எதிர்வீட்டுச் சீன அங்கிள்கூட எட்டிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மூன்றே மாதத்தில் அதை விற்றுவிட்டேன். டாப் டியூப், அதாவது சீட்டிலிருந்து ஹேண்டில்பார் பக்கம் போகும் மேல்குழாய், எனக்கு மூன்று சென்டிமீட்டர் அதிக நீளம். மண்டாய் சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தால் இரண்டு நாளைக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. அதைக் கட்டியவர் என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி: என்ன உயரம், என்ன நிறம். அப்போது அதை நான் குறையாக நினைக்கவில்லை. வேலை சுலபமாக முடிகிறதே என்று மகிழ்ந்துபோனேன்.

இரண்டாவது ஃபிரேமைக் கட்டியவர் முதல் கடிதத்துக்குப் பதிலாக இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகள் அனுப்பினார். அதைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். இந்த இரண்டு ஆட்களுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கார்பன் சைக்கிளிலோ அலுமினியத்திலோ ஓட்டிப் பழகி, ‘கையால் கட்டிய ஸ்டீல் ஒன்று வேண்டும்’ என்று முதன்முதலாக ஆசைப்படுகிறவர்களுக்கு இது.

லக் என்றால் என்ன

வீட்டில் தண்ணீர்க் குழாய் போடும்போது இரண்டு குழாய் சேரும் இடத்தில் பிளம்பர் எல்போ, டீ என்று ஒரு உறை மாட்டுவாரே, சைக்கிளில் அந்த உறைக்குப் பெயர்தான் லக். குழாயின் முனையை மீன்வாய்போல வளைத்து அறுத்து, லக்குக்குள் செருகி, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளியில் பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கி ஓடவிடுவார்கள். இதற்குப் பெயர் பிரேசிங். வெல்டிங் வேறு. வெல்டிங்கில் குழாயே உருகி ஒட்டும். பிரேசிங்கில் ஸ்டீல் உருகாது. ஸ்டீல் உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். பித்தளை 900 டிகிரி பக்கத்திலும், வெள்ளிக் கலவை 650, 700 டிகிரியிலுமே ஓடிவிடும். குழாய் அதிகம் வேகாமல் தப்பிக்கிறது. பின்னாளில் ஒரு குழாய் நசுங்கினால் அந்த மூட்டைச் சூடாக்கிக் கழற்றி வேறு குழாய் மாற்றவும் முடிகிறது.

நம் தாத்தாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸ், ராலே எல்லாம் லக் வைத்தவைதான். 1949-இல் தொடங்கிய சென்னை டிஐ சைக்கிள்ஸ் ஊரெங்கும் ஓடவிட்ட கறுப்புச் சைக்கிளின் கழுத்தைத் தடவிப் பார்த்திருந்தால், பெயின்டுக்கு அடியில் ஒரு விளிம்பு விரலில் தட்டியிருக்கும். அதுதான் லக். அதைப் பந்தய ஃபிரேமுக்குச் செய்யும்போது அந்த விளிம்பை அரத்தால் கூராக்கி, மெல்லிசாக்கி, நுனியை இலைபோல இழுத்துவிடுவார்கள். பார்க்கிறவர் சொக்கிப்போவது அந்த நுனியில். ஏமாறுவதும் அங்கேதான்.

முதலில்: இது உங்களுக்குச் சரிவருமா

லக் பெரும்பாலும் வார்ப்பில் வருவது. அதன் கோணமும் குழாய் விட்டமும் முன்கூட்டியே முடிவானவை. ஒன்றிரண்டு டிகிரி வளைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் முடியாது. அதனால் டாப் டியூப் நன்றாகச் சரிய வேண்டும், குழாய்கள் பருமனாக வேண்டும் என்றெல்லாம் ஆசை இருந்தால் டிக் வெல்டிங்கோ, லக் இல்லாமல் பித்தளையை நிரப்பி மழமழவென்று தேய்க்கும் ஃபில்லட் பிரேசிங்கோதான் பொருத்தம். மிகக் குட்டையானவர்களுக்கும் இதே சிக்கல். ஹேண்டில்பாருக்குக் கீழே நிற்கும் ஹெட் டியூபில் மேல் லக்கும் கீழ் லக்கும் ஒன்றையொன்று முட்டும். ஐந்தடிக்குக் கீழே இருப்பவர்கள் 650பி போன்ற சிறிய சக்கரத்தில் ஃபிரேம் கட்டத் தெரிந்தவரைத் தேட வேண்டும். இல்லாவிட்டால் திருப்பத்தில் ஷூ நுனி முன்சக்கரத்தில் இடிக்கும்.

எடை: ஃபிரேம் மட்டும் இரண்டு கிலோவை ஒட்டி வரும். நல்ல கார்பன் ஃபிரேம் ஒரு கிலோவுக்கும் கீழ். இந்தத் தீவின் மிக உயரமான புக்கிட் தீமாவே 164 மீட்டர்தான். அந்த ஒரு கிலோவுக்காக இங்கே யாரும் மூச்சுவாங்கப் போவதில்லை.

டிஸ்க் பிரேக் வேண்டுமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். டிஸ்க்கின் இழுவையைத் தாங்க, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் காலைத் தடிமனாக்க வேண்டும். பழைய பாணி ஃபிரேமின் அழகில் பாதி அந்த மெல்லிய, முன்னால் வளைந்த ஃபோர்க்கில் இருக்கிறது. மழையில் ரிம் பிரேக் தாமதமாகப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் நம் சாலைகளின் இறக்கத்துக்கு அது போதும் என்பது என் கட்சி.

அடுத்து: உடம்பையும் சாலையையும் அளந்துகொள்ளுங்கள்

யாருக்கும் எழுதுமுன் இரண்டு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கிடையே சீட்டில் உட்காருவதுபோல அழுத்தி மேலே தூக்கி, தரையிலிருந்து அதன் மேல்விளிம்புவரை அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் கைகள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து (பாட்டம் பிராக்கெட் என்பது இந்த இடம்தான்) சீட்டின் மேல்பக்கம்வரை தோராயமான உயரம் கிடைக்கும். 80 சென்டிமீட்டர் கால் என்றால் 70.6. தொடங்குவதற்கு ஓர் இடம், அவ்வளவுதான்.

அதைவிட மதிப்புள்ளது, இப்போது நீங்கள் வலியில்லாமல் ஓட்டும் சைக்கிளின் அளவு. சீட் உயரம், சீட் நுனியிலிருந்து ஹேண்டில்பார் நடுப்பகுதிவரை தூரம், சீட்டைவிட ஹேண்டில்பார் எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்பது. மூன்றையும் எழுதி, அந்தச் சைக்கிளில் நீங்கள் உட்கார்ந்திருப்பதை யாரையாவது பக்கவாட்டில் படமெடுக்கச் சொல்லுங்கள். எங்கே வலிக்கிறது என்பதையும் எழுதுங்கள். ‘இரண்டு மணி நேரத்துக்குப்பின் இடதுகை சுண்டுவிரல் மரத்துப்போகிறது’ என்ற ஒரு வரி, ஒரு பக்கம் எண்களைவிட நல்ல கட்டுநருக்கு அதிகம் சொல்லும்.

‘54 அளவு’ என்று யாராவது சொன்னால் உடனே திருப்பிக் கேளுங்கள்: எங்கிருந்து எதுவரை? சீட்டைத் தாங்கும் சீட் டியூபை மையத்திலிருந்து மையம்வரை அளப்பவர் உண்டு, மையத்திலிருந்து குழாயின் உச்சிவரை அளப்பவரும் உண்டு. இரண்டுக்கும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். உங்களுக்கு முக்கியம் டாப் டியூபின் நீளம். சட்டை வாங்கும்போது காலர் அளவு தெரிந்து தோள் அளவு தெரியாமல் போகிறவர் யாராவது உண்டா?

பிறகு சாலை. ஞாயிறு விடியலில் சாங்கி கரையோரச் சாலையில் கூட்டமாகப் பறப்பீர்களா, கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் பிள்ளைகளோடு உருட்டுவீர்களா, பழைய மலாயா ரயில்பாதை இருந்த ரயில் காரிடாரின் 24 கிலோமீட்டர் மண்தடத்தில் போவீர்களா? டயர் அகலத்தை இதுதான் முடிவு செய்யும். வழக்கமான சின்ன ரீச் பிரேக் (ரீச் என்பது பிரேக்கைத் திருகும் துளையிலிருந்து பிரேக் கட்டைவரை உள்ள தூரம்) வைத்த ஃபிரேமில் 28 மி.மீ. டயருக்குமேல் நுழையாது. 47 முதல் 57 மி.மீ. ரீச் உள்ள பிரேக்குக்குக் கட்டினால் 32 டயர் தாராளமாகப் போகும், அல்லது கொஞ்சம் மெலிந்த டயரோடு மட்கார்டும் போடலாம். நம் மழைக்கு மட்கார்டு வைக்கக் கண்ணி இல்லாத ஃபிரேமை நான் வாங்கவே மாட்டேன்.

எந்த மாதிரி ஆளைத் தேடுவது

நம் தேர்வு பெரும்பாலும் கடல்கடந்துதான். மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஒன்று, தனியாள் பட்டறை. அளப்பவர், வரைபவர், அறுப்பவர், பற்றவைப்பவர், பதில் கடிதம் எழுதுபவர் எல்லாம் ஒருவரே. அமெரிக்காவின் ரிச்சர்ட் சாக்ஸ் இந்த மரபின் பெரிய பெயர். 1972-இல் லண்டன் விட்கம் கடைக்குப் போய்த் தொழில் பழகியவர். நமக்கு அருகில், பிரிஸ்பேனில் லெவலின் என்ற பெயரில் ஃபிரேம் கட்டிய டேரல் மக்கல்லக், தானே வடிவமைத்த வார்ப்பு லக்குகளுக்காக அறியப்பட்டவர். இப்படிப்பட்டவர்களிடம் வரிசை நீளம். ஒருவருக்குக் கைமூட்டு வலி வந்தால் மொத்த வரிசையும் நிற்கும். சிலர் வரிசையையே மூடிவிடுவார்கள். எழுதுமுன் இப்போது ஆர்டர் எடுக்கிறாரா என்று பாருங்கள்.

இரண்டு, பட்டறை நிறுவனம். நாலைந்து பேர் வேலை செய்வார்கள். விலைப்பட்டியல், நிற அட்டை, லக் வடிவங்களின் பட்டியல் எல்லாம் தயாராக இருக்கும். இங்கிலாந்தின் டெர்பியில் 1946-இல் தொடங்கிய மெர்சியன் இந்த வகை. புதிதாக வருகிறவருக்கு இதுதான் பயமில்லாத வழி என்று முன்பெல்லாம் சொல்வேன். அந்த மெர்சியனே 2024-இல் வியாபாரத்தை நிறுத்தி, பிறகு புதிய கைகள் எடுத்து நடத்தும்படி ஆனது. பழைய பெயர் உங்கள் முன்பணத்துக்கு ஜாமீன் நிற்காது.

மூன்று, ஜப்பான். அங்கே கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயம் 1948-இல் கொகுராவில் தொடங்கியது. பார்ப்பவர்கள் பணம் கட்டி ஆடும் பந்தயம் என்பதால், வழக்கமான ஆண்கள் கெய்ரினில் எல்லாருக்கும் ஒரேமாதிரி ஸ்டீல் சைக்கிள். ஃபிரேம், உதிரிபாகம் எல்லாவற்றுக்கும் கெய்ரின் அமைப்பின் என்ஜேஎஸ் முத்திரை வேண்டும். இந்த விதியால்தான் உலகம் கார்பனுக்குத் தாவியபோதும் ஜப்பானில் லக் கட்டும் கைகள் வேலையில்லாமல் போகவில்லை. நாகாசாவா, கலாவிங்கா போன்ற பெயர்கள் அங்கே வளர்ந்தவை. கெய்ரின் வீரர் கொய்ச்சி நகானோ 1977 முதல் 1986 வரை தொடர்ந்து 10 முறை உலக ஸ்பிரிண்ட் பட்டம் வென்றாரே, அவற்றில் பலவற்றை நாகாசாவா ஃபிரேமில்தான் வென்றார். நெடுந்தூரம் போகும் பாணிக்கு தோயேய் என்ற பட்டறையைச் சொல்வார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய கெய்ரின் ஃபிரேம் மலிவாகக் கிடைக்கிறதே என்று இளைஞர்கள் வாங்கி ஃபிக்ஸியாக (சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும் ஒற்றைக் கியர் சைக்கிளாக) மாற்றுவதுண்டு. அது பந்தய ஓடுதளத்துக்குக் கட்டியது. பிரேக் மாட்டத் துளையே இல்லாமல்கூட இருக்கும். சிங்கப்பூரில் 2021-இல் வந்த விதிப்படி, பொது இடத்தில் ஓட்டும் சைக்கிளில் குறைந்தது ஒரு கைப்பிரேக்காவது வேலை செய்ய வேண்டும். ஃபோர்க்கின் தலையில் துளை போடுவது வீட்டு டிரில்லால் செய்யும் காரியமில்லை. துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

இவற்றுக்கு வெளியே, அளவெடுத்துக் கட்டாமல் ஆயத்த அளவில் லக் ஃபிரேம் விற்கும் நிறுவனங்களும் உண்டு. கலிஃபோர்னியாவின் ரிவெண்டெல் 1994 முதல் அந்த வேலையைப் பிடிவாதமாகச் செய்கிறது. பல ஃபிரேம்களைத் தைவானில் கட்டிவாங்குகிறது. உங்கள் கை, கால், முதுகு சராசரியாக இருந்தால் தனியாக அளவெடுக்கத் தேவையே இருக்காது. இதை ஒப்புக்கொள்ள நமக்குத்தான் மனம் வராது.

கடிதம் எழுதுங்கள், கேள்வியை எண்ணுங்கள்

மூன்று பேருக்கு எழுதுங்கள், ஒரே கடிதம். அளவுகள், படம், எடை, எங்கே ஓட்டுகிறீர்கள், எவ்வளவு ஈரப்பதத்தில் சைக்கிள் நிற்கும், செலவு எவ்வளவு முடியும். நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள். பதிலில் அவர் முதலில் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பாருங்கள்.

எனக்கு இரண்டாவது ஃபிரேம் கட்டியவர் கேட்டதில் சில: சட்டைப்பை நிறையப் பொருள் வைத்து ஓட்டுவாயா, முன்னால் பை மாட்டுவாயா? முதுகில் அடிபட்ட வரலாறு உண்டா? சைக்கிளை மாடிப்படியில் தூக்குவாயா, மின்தூக்கியில் நிறுத்துவாயா? கடைசிக் கேள்வி எனக்குச் சிரிப்பாக இருந்தது. வீவக அடுக்குமாடி மின்தூக்கியில் பின்சக்கரத்தில் நிமிர்த்தி நிற்கவைத்துத்தான் கொண்டுபோவேன் என்று எழுதினேன். அப்படியானால் பின் மட்கார்டின் வாலைக் குட்டையாக வைக்கிறேன் என்று பதில் வந்தது. அந்த இடத்தில் முடிவு செய்துவிட்டேன், இவர்தான்.

நீங்கள் கேட்கவேண்டியதும் உண்டு. என் ஃபிரேமைப் பற்றவைப்பது நீங்களா, உங்கள் பட்டறையில் வேறொருவரா? எந்த மூட்டில் பித்தளை, எதில் வெள்ளி, ஏன்? வேலை தொடங்குமுன் அளவுகளோடு வரைபடம் அனுப்பி என் ஒப்புதல் வாங்குவீர்களா? பெயின்ட் அடிக்குமுன் மூட்டுகளின் படம் தருவீர்களா? பத்து வருடத்துக்கு முன் நீங்கள் கட்டிய ஃபிரேம் ஓட்டும் ஒருவரோடு பேச முடியுமா? கோபப்படாமல் பதில் சொல்பவர் நல்லவர். ‘முடியாது, இதனால் முடியாது’ என்று காரணத்தோடு மறுப்பவர் இன்னும் நல்லவர். கேட்டதற்கெல்லாம் ஆகட்டும் என்பவரிடம்தான் ஜாக்கிரதை.

குழாயின் பெயரில் மயங்காதீர்கள். ரேனால்ட்ஸ் 531 என்ற மாங்கனீசு-மாலிப்டினம் குழாய் 1935-இல் வந்தது. அந்த ஸ்டிக்கருக்காகவே பழைய ஃபிரேம் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு. இத்தாலியின் கொலம்பஸ், ஜப்பானின் கைசேய் எல்லாமே நல்ல சரக்கு. பெயருக்குப் பதிலாகச் சுவர்த்தடிமனைக் கேளுங்கள். முனைகளில் 0.9, நடுவில் 0.6 மி.மீ. என்பது பழைய பந்தயக் கணக்கு. 0.8-உம் 0.5-உம் இலேசாக இருக்கும். நீங்கள் 85, 90 கிலோ என்றால் அதை மறைக்காமல் எழுதி, அவரே தடிமனைத் தீர்மானிக்கவிடுங்கள்.

மூட்டைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெயின்ட் பூசிய படம் எதையும் சொல்லாது. பெயின்டும் ஸ்டிக்கரும் மோசமான மூட்டை மூடத்தான் முதலில் உதவும். கேட்க வேண்டியது பச்சை ஃபிரேமின், அதாவது பெயின்ட் பூசாத வெறும் ஃபிரேமின், படம்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் சைக்கிளே ஓட்டத் தெரியாத ஒருவர். தேக்கா பக்கத்துச் சந்து ஒன்றில் நாற்பது வருடமாக நகை வேலை செய்யும் பத்தர். அம்மாவின் சங்கிலி அறுந்து பற்றவைக்கப் போயிருந்தேன். காத்திருந்த நேரத்தில் கைப்பேசியில் ஒரு ஹெட் லக்கின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம், என்ன தம்பி அது என்றார். காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாங்கிப் பார்த்தார்.

“நம்ம வேலதான் இது. பொடி ஓடியிருக்கு பாரு, இங்கேருந்து இங்க வரைக்கும் ஒரே கோடா. ஆனா இந்த மூக்குப் பக்கம் கறுத்துக் கெடக்கு. சூடு கூடிப்போச்சு, வெங்காரம் வெந்துபோச்சு. உள்ள ஓடலேன்னு சொல்லல. நானா இருந்தா கழுவிட்டுத் திரும்ப வெப்பேன்.”

பொடி என்றால் பற்று. நகைக்காரர் பொடி வைத்து ஊதுவதும் ஃபிரேம் கட்டுகிறவர் கேஸ் டார்ச்சால் பித்தளைக் கம்பியை ஓட்டுவதும் ஒரே வேலை. வெங்காரம் உலோகத்தின் மேல் காற்றுப்படாமல் காக்கும். அது கருகினால் அந்த இடத்தில் பற்று ஒட்டாது. சூடு எங்கே போகிறதோ பற்று அங்கே இழுபட்டுப் போகும். கெட்டிக்காரர் லக்கின் ஒரு விளிம்பில் கம்பியைத் தொட்டு, மறுபக்கத்தைச் சூடாக்கி, பற்றை உள்ளே இழுத்து எதிர்விளிம்பில் எட்டிப்பார்க்க வைப்பார்.

ஆகவே படத்தில் பார்க்க வேண்டியவை. லக்கின் விளிம்பு முழுக்க, நூல் வைத்ததுபோல ஒரு பித்தளைக் கோடோ வெள்ளிக் கோடோ விடாமல் ஓட வேண்டும். நடுவில் ஊசித்துளை, கறுப்பு இடைவெளி இருக்கக்கூடாது. கோட்டுக்கு வெளியே குழாயின்மேல் பற்று வழிந்து கிடந்தால், அதை எடுக்க அரம் போட வேண்டியிருக்கும். அரம் போடும் கை தவறினால் குழாய் மெலியும். லக் ஓரத்தை ஒட்டிக் குழாயில் குறுக்கே கீறல் தெரிந்தால் அந்தக் கட்டுநரை விட்டுவிடுங்கள். பிற்காலத்தில் வெடிப்பு அந்த மாதிரிக் கீறலில்தான் தொடங்கும். முதுகுப்பக்கத்து நுனியும் வயிற்றுப்பக்கத்து நுனியும் குழாயின் நடுக்கோட்டில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இதைவிடப் பெரிய பரீட்சை உள்பக்கம். ஹெட் டியூபுக்குள் ஒரு படம், பாட்டம் பிராக்கெட்டுக்குள் ஒரு படம் கேளுங்கள். குழாய்களின் மீன்வாய் வெட்டு எதிர்க்குழாயை எங்கும் இடைவெளியின்றிக் கவ்வியிருக்கிறதா, உள்சுற்றிலும் பற்று எட்டியிருக்கிறதா என்று அங்கே தெரியும். வெளியில் நாலு இலை, இரண்டு கொடி, இதய வடிவத் துளை என்று செதுக்கிவிட்டு, உள்ளே மீன்வாயை நேராக அறுத்துப் போட்டிருக்கும் ஃபிரேமை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். லக் மூடிவிடுகிறதே, யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

வெள்ளி உயர்ந்தது, பித்தளை மட்டம் என்று சிலர் வாதிடுவார்கள். வெள்ளிக்கு இடைவெளி மிக நெருக்கமாக இருக்க வேண்டும். பித்தளை கொஞ்சம் தாராளமான இடைவெளியையும் நிரப்பும். லக்குக்கு வெள்ளியும் பின்சக்கரம் மாட்டும் டிராப்அவுட்டுக்குப் பித்தளையும் வைப்பவர்கள் நிறைய. எது வைத்தாலும் காரணம் சொல்லத் தெரிந்தால் போதும்.

நம் ஊருக்கென்று எழுதிக்கொள்ள வேண்டியவை

குளிர்நாட்டில் கட்டுகிறவருக்கு நம் காற்று தெரியாது. எழுதி வாங்குங்கள்: பாட்டம் பிராக்கெட்டின் அடியில் நீர் வடியத் துளை, உள்ளே துருத்தடுப்பு எண்ணெயோ மெழுகோ பாய்ச்சுவது யார் பொறுப்பு, பிரேக் கேபிள் டாப் டியூபின் மேலே ஓடாமல் பக்கவாட்டில் ஓடட்டும். கடைசி விஷயம் அனுபவத்தில் வந்தது. மூக்கிலும் முகவாயிலும் சொட்டும் வியர்வை நேராக டாப் டியூபில் விழுந்து, கேபிள் பிடிக்கும் சின்னக் கொக்கிகளின் அடியில் தேங்கும். கடற்கரைக் காற்றின் உப்பும் சேர்ந்தால் பெயின்ட் அங்கேதான் முதலில் கொப்புளிக்கும். உள்ளறையில் டிரெய்னரில் வைத்து மிதிப்பவர்கள் டவல் போடாமல் மிதிக்கவே கூடாது.

பவுடர் கோட்டிங் உறுதியானது, ஆனால் தடிமனாக அடித்தால் அரம்போட்டு எடுத்த கூர்விளிம்பு அதில் அமுங்கிவிடும். லக்குக்குக் காசு கொடுத்துவிட்டு அதைப் போர்வைக்குள் மறைப்பானேன்? திரவமாகத் தெளிக்கும் ஈரப் பெயின்ட் கேளுங்கள்.

உதிரிபாகம் இங்கே எளிதாகக் கிடைக்கும்படி அளவுகளைக் கட்டிவைக்க வேண்டும். பின்சக்கர இடைவெளி 130 மி.மீ., சீட்போஸ்ட் 27.2 மி.மீ., பாட்டம் பிராக்கெட் 68 மி.மீ. ஆங்கில மரை. இத்தாலிய மரையில் இரண்டு பக்கமும் ஒரே திசைத் திருகு. வலதுபக்கம் அடிக்கடி தளரும்.

பணம்

முன்பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்படாதீர்கள். வரிசையில் சேர ஒரு சிறுதொகை, வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுக்கும்போது ஒரு பங்கு, பச்சை ஃபிரேமின் படம் பார்த்தபின் மிச்சம். இந்த மூன்று தவணை நியாயமானது. முதல் நாளே பாதிக்குமேல் கேட்பவர் உங்கள் பணத்தில் வேறொருவரின் குழாயை வாங்குகிறார் என்று வையுங்கள். விலகுவதானால் எவ்வளவு திரும்பும், அவருக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன ஆகும் என்பது எழுத்தில் வேண்டும். கடன் அட்டையில் கட்டினால் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு, ஆனால் அதற்குக் காலக்கெடு இருக்கிறது. இரண்டு வருட வரிசைக்கு அந்தக் குடை எட்டாது.

அந்தக் கட்டுநருக்கு இங்கே முகவராக ஒரு சைக்கிள் கடை இருந்தால், சற்று விலை கூடினாலும் அதன் வழியே வாங்குவது எனக்குப் பிடிக்கும். ரசீது சிங்கப்பூர்க் கடையின் பெயரில் வரும். 2012 முதல் இருக்கும் குறைபாட்டுப் பொருள் சட்டப்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுது ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். கடைதான் மறுத்து நிரூபிக்க வேண்டும். சண்டை முற்றினால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 சிங்கப்பூர் வெள்ளிவரையிலான வழக்கை விசாரிக்கும். வெளிநாட்டில் இருக்கும் ஒற்றை ஆளை அங்கே இழுத்து வர முடியாது.

பெட்டி வருகிறது

ஃபிரேமும் ஃபோர்க்கும் சேர்ந்து மூன்று கிலோதான். கூரியர்க்காரர் பார்ப்பது பெட்டியின் உடம்பை. 110, 65, 25 சென்டிமீட்டர் பெட்டி என்றால், மூன்றையும் பெருக்கி வழக்கமான 5,000-ஆல் வகுத்தால் 36 கிலோவை ஒட்டி வரும். அதற்குத்தான் கட்டணம். ஃபோர்க்கைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பெட்டியைச் சிறிதாக்கச் சொன்னால் நல்ல தொகை மிச்சமாகும்.

சைக்கிளுக்கு இங்கே சுங்கத் தீர்வை கிடையாது, பொருள் சேவை வரி உண்டு. 2024 முதல் அது 9 விழுக்காடு, ஃபிரேம் விலையோடு அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்த்த தொகைக்கு. 4,000 வெள்ளி ஃபிரேம், 400 வெள்ளி செலவு என்றால் வரி 396 வெள்ளி. கூரியர் தன் கைவேலைக்குத் தனியாகக் கொஞ்சம் போடும். விலையைக் குறைத்து எழுதி அனுப்பட்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். சட்டத்துக்கும் புறம்பு, வழியில் பெட்டி நசுங்கினால் காப்புறுதியும் அந்தக் குறைத்த தொகையைத்தான் தரும்.

பெட்டியைப் பிரிக்குமுன் நாலு பக்கமும் படமெடுங்கள். டிராப்அவுட்டுகளுக்கு நடுவே முட்டுக்கட்டை வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். வைக்காமல் அனுப்பியிருந்தால் பின்கால்கள் வளைந்திருக்கலாம். நேர் பார்க்க ஒரு நூல் போதும். ஹெட் டியூபைச் சுற்றி நூலைப் போட்டு இரு முனைகளையும் இரண்டு பின் டிராப்அவுட்டிலும் இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் டியூபுக்கும் உள்ள இடைவெளி இருபக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் கவலை இல்லை. இரண்டுக்குமேல் என்றால் எதையும் மாட்டாமல் அன்றைக்கே எழுதுங்கள். நல்ல சக்கரம் ஒன்றைப் பின்னால் வைத்து, அது தள்ளாமல் நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

மாட்டத் தொடங்கும்போது சீட்போஸ்ட்டில் கிரீஸ் தாராளமாகத் தடவுங்கள். அலுமினியப் போஸ்ட்டும் ஸ்டீல் குழாயும் நம் வியர்வையில் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டால் பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துத் திரும்பக் கிரீஸ் வைப்பது நல்லது. எனக்குத் தேதி நினைவிருக்காது. அதனால் தைப்பூசம், சித்திரைப் புத்தாண்டு, ஆடி, தீபாவளி என்று வைத்திருக்கிறேன்.